நிதானமாக வளரட்டும் உங்கள் நாய்க்குட்டி

பக்கத்து வீட்டு அக்கா ஒரு ஜெர்மன் ஷெப்பர்டு குட்டி வாங்கி வந்தார். "நாற்பத்தஞ்சு நாள் குட்டி" என்று சொல்லிக் கொடுத்திருந்தார் கடைக்காரர். கூடவே ஒரு பிளாஸ்டிக் கவரில் கட்டிய இரண்டு கிலோ டிரை ஃபுட், ஒரு பாட்டில் கால்சியம் சிரப், "நல்லா வயிறு நெறையப் போடுங்க, அப்பதான் எலும்பு பிடிக்கும்" என்ற அறிவுரை.

அக்கா பாசக்காரர். கவரில் இருந்ததோடு பால்சோறு, முட்டை, ஈரல் என்று தட்டு நிரம்பியது. சிரப் காலையும் மாலையும். நான்காம் மாதத்தில் தெருவே தூக்கிக் கொஞ்சும்படி கொழுகொழுவென்று இருந்தது குட்டி. ஐந்தாம் மாதத்தில் முன்னங்கால்கள் வெளிப்பக்கமாக வளையத் தொடங்கின. வாசல்படி ஏறவே தயங்கியது. கால்நடை மருத்துவரிடம் நானும் கூடப் போயிருந்தேன். எக்ஸ்ரேவுக்கு எழுதும் முன்பே அவர் கேட்டது ஒரு கேள்விதான்: "என்னம்மா சாப்பாடு குடுக்குறீங்க?"

அக்கா ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்ததும் அவர் மெதுவாகச் சொன்னார்: "நீங்க குறைச்சுக் குடுத்ததால வந்ததில்லம்மா இது. கூட்டிக் குடுத்ததால வந்தது."

அன்று அக்கா அழுததை என்னால் மறக்க முடியவில்லை. அவர் செய்த எல்லாமே பாசத்தில் செய்தவை. சரியான தகவலை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். பெரிய இன நாய்க்குட்டியை வீட்டுக்குக் கொண்டுவரும் எவருக்கும் அந்த நிலை வரக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். எதைக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது, கடையில் எதைக் கேட்டு வாங்குவது, தவறு நடந்தால் எங்கே போவது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பெரிய இனம் என்றால் எது?

வளர்ந்து முடிந்தபின் 25 கிலோவைத் தாண்டும் நாய்களைப் பெரிய இனம் என்பது பொதுவான வழக்கம். லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்டு, ராட்வைலர், டாபர்மேன் எல்லாம் இதில் அடங்கும். கிரேட் டேன், செயின்ட் பெர்னார்டு போன்றவை அதற்கும் மேலே, ராட்சத இனங்கள். 2005இல் அஞ்சல்தலையில் இடம்பெற்ற நம் ராஜபாளையமும் உயரமாக, வேகமாக வளரும் நாய்தான். கலப்பினக் குட்டி என்றால் தாய், தகப்பனின் உருவத்தைக் கேட்டறிந்து கணக்கிட வேண்டும்.

லேப்ரடார் குட்டி பிறக்கும்போது அரை கிலோ இருந்தாலே அதிகம். ஒரே வருடத்தில் அது 25, 30 கிலோவை எட்டிவிடும். இவ்வளவு எடையையும் தாங்க வேண்டிய எலும்புகள் அந்த நேரத்தில் முழுக்க எலும்பாகியிருக்காது. நீண்ட எலும்புகளின் முனைகளில் வளர்ச்சித் தகடு என்ற மென்மையான குருத்தெலும்புப் பகுதி உண்டு. எலும்பு நீள்வது அங்கிருந்துதான். பெரிய இனங்களில் அந்தத் தகடுகள் இறுகி மூட ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் ஆகும். ராட்சத இனங்களில் இரண்டு வருடம்கூட ஆகலாம். சின்ன நாய்கள் எட்டு, பத்து மாதத்திலேயே வளர்ந்து முடிந்துவிடும்.

உணவில் செய்யும் தவறு பெரிய இனக் குட்டியை இவ்வளவு பாதிப்பதற்குக் காரணம் இந்த நீண்ட காலம்தான். எலும்பு இறுகும் முன்பே உடல் எடை ஏறிவிட்டால் பாரம் முழுவதும் இளம் மூட்டில் இறங்குகிறது. இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் போவது, குருத்தெலும்பு பிளந்து உரிவது, கால் கோணலாவது போன்றவற்றில் பரம்பரைக்கும் பங்கு உண்டு. பெற்றோரை நாம் மாற்ற முடியாது. தட்டில் வைப்பதை மாற்ற முடியும்.

சிரப் பாட்டில் செய்யும் கேடு

'பெரிய நாய், பெரிய எலும்பு, அதனால் நிறைய கால்சியம்' என்ற கணக்கு கேட்பதற்குச் சரியாகத்தான் படும். குட்டியின் குடல் அப்படி வேலை செய்வதில்லை. வளர்ந்த நாயின் உடல் தேவையான கால்சியத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிடும். ஆறு மாதத்துக்குக் கீழ்ப்பட்ட குட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு இன்னும் கைவந்திருக்காது. உள்ளே போவதில் பெரும்பங்கு உடம்பில் ஏறிவிடும், தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 1980களில் கிரேட் டேன் குட்டிகளை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு குழுவுக்கு 1.1 சதவீதம் கால்சியம் உள்ள உணவு, இன்னொரு குழுவுக்கு 3.3 சதவீதம். மூன்று மடங்கு பெற்ற குட்டிகளுக்கு எலும்பு வலுப்படவில்லை. குருத்தெலும்பு எலும்பாக மாறுவது தடைப்பட்டு, எலும்பு வளர்ச்சியே குலைந்தது.

முழுமையான குட்டி உணவில் கால்சியம் ஏற்கெனவே கணக்காகச் சேர்க்கப்பட்டிருக்கும். அதன்மேல் சிரப், கால்சியம் மாத்திரை, முட்டை ஓட்டுத் தூள் என்று எதைச் சேர்த்தாலும் அந்தக் கணக்கு கெடும். எனவே, உங்கள் குட்டியைப் பரிசோதித்த மருத்துவர் அளவு குறித்துத் தராமல் எந்தக் கால்சியம் டானிக்கும் வேண்டாம். கடைக்காரர் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

இன்னொரு நம்பிக்கையும் இருக்கிறது: காலை வெயிலில் கட்டிப்போட்டால் வைட்டமின் டி கிடைத்துவிடும் என்பது. மனிதத் தோலைப் போல நாயின் தோலால் வெயிலிலிருந்து தேவையான வைட்டமின் டியை உண்டாக்கிக்கொள்ள முடியாது. அது உணவிலிருந்துதான் வர வேண்டும். நடக்கவும் விளையாடவும் வெளியே விடுங்கள், நல்லது. சத்துக்காக வெயிலில் நிறுத்த வேண்டாம்.

புரதத்தைப் பற்றியும் ஒரு பயம் உண்டு. 'புரதம் கூடினால் மூட்டு கெடும்' என்று பழைய ஆட்கள் சிலர் இன்றும் சொல்வார்கள். பிறகு கிரேட் டேன் குட்டிகளிடம் நடந்த ஆய்வில், உணவில் 32 சதவீதம் வரை புரதம் இருந்தும் எலும்புக்குக் கேடு வரவில்லை. குற்றவாளிகள் இரண்டு: அளவுக்கு மீறிய கலோரி, அளவுக்கு மீறிய கால்சியம்.

பால்சோறும் வெறும் கறியும்

கூடினால் ஆபத்து என்பதற்காகக் குறைந்தால் நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. நம் ஊரில் பல வீடுகளில் குட்டிக்குக் கிடைப்பது பால்சோறு, தயிர்சாதம், குழந்தைகளுக்கான டின் மாவு, அல்லது கறிக்கடையில் வாங்கிய எலும்பில்லாத இறைச்சியும் சோறும். வயிறு நிறையும். எலும்புக்கு அது போதாது.

வெறும் தசை இறைச்சியில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பத்து மடங்குக்கும் மேல். அரிசியிலும் பாஸ்பரஸின் கைதான் ஓங்கியிருக்கும். வளரும் குட்டிக்கு இவை இரண்டும் ஒன்றுக்கு ஒன்று முதல் இரண்டுக்கு ஒன்று வரையிலான விகிதத்தில், கால்சியம் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். அப்படிக் கிடைக்காதபோது உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவிக்கொள்கிறது. எலும்பு மெலிந்து, சோபாவிலிருந்து குதித்தாலே முறியும் அளவுக்குப் போய்விடும்.

தாய்ப்பால் மறந்த குட்டிகள் பலவற்றுக்கு மாட்டுப்பால் செரிக்காது, வயிற்றுப்போக்கு வரும். தினமும் ஈரல் கொடுத்தால் வைட்டமின் ஏ உடம்பில் தங்கிக் கேடு செய்யும். சமைத்த கோழி எலும்பு ஊசியாகப் பிளந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். பச்சைக் கறியும் கோழிக் கழிவும் சால்மொனெல்லா போன்ற கிருமிகளைக் கொண்டுவரும்; அது குட்டியோடு நிற்காது, அதைக் கொஞ்சும் குழந்தைக்கும் பரவும்.

வீட்டுச் சமையலே கொடுக்க வேண்டும் என்றால் முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை ஒரு மருத்துவச் சீட்டுப்போல நடத்த வேண்டும். எந்தப் பொருள், எத்தனை கிராம், எந்தச் சத்துக் கலவை, எத்தனை மாதம் வரை என்று கால்நடை உணவியல் தெரிந்தவர் எழுதித் தர வேண்டும். சைவ வீடுகளுக்கு இது இன்னும் கட்டாயம். 1903இல் தொடங்கிய சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளும் இதற்கு நீங்கள் கதவைத் தட்டக்கூடிய இடங்கள்.

எவ்வளவு போடுவது?

அமெரிக்காவில் பியூரினா நிறுவனம் 48 லேப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, எட்டாவது வாரத்திலிருந்து ஆயுள் முழுதும் கவனித்தது. ஜோடியில் ஒன்று சாப்பிட்டதைவிட 25 சதவீதம் குறைவாக மற்றதற்குக் கொடுக்கப்பட்டது. குறைவாகச் சாப்பிட்டவற்றுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு குறைவாக வந்தது. ஆயுளின் இடைநிலை அளவு 13 வருடம். நிறையச் சாப்பிட்டவற்றுக்கு 11.2 வருடம். 2002இல் வெளியான முடிவு இது. நாய் உணவு விற்கும் நிறுவனமே 'குறைத்துப் போடுங்கள்' என்று முடிவு சொல்லும்போது நாம் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். ஒன்றரை வருடத்துக்கு மேல் கூடுதல் வாழ்நாள் என்பது ஒரு நாய்க்குச் சின்ன விஷயம் இல்லை.

இதற்குப் பட்டினி போடு என்று பொருள் இல்லை. ஒல்லியாக, சுறுசுறுப்பாக வளரவிடுங்கள் என்றே பொருள். மருத்துவர்கள் நாயின் உடல்வாகை 1 முதல் 9 வரை மதிப்பெண் போட்டுப் பார்ப்பார்கள். 4 அல்லது 5 சரியான அளவு. வளரும் பெரிய இனக் குட்டிக்கு 4 நல்லது. வீட்டிலேயே பார்க்கலாம். விலா எலும்பின்மேல் கையை வைத்து வருடுங்கள். அழுத்தாமலே ஒவ்வொரு எலும்பும் விரலில் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு சற்று உள்வாங்கியிருக்க வேண்டும். விலாவைத் தேட வேண்டியிருந்தால் உணவைக் குறையுங்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற வேட்டை நாய்களுக்கு விலா லேசாகத் தெரிவது இயல்பு. 'என்னங்க, நாய் எலும்பும் தோலுமா இருக்கே' என்று யாராவது சொன்னால் கலங்காதீர்கள்.

பையின் பின்னால் அச்சிட்ட அட்டவணையைத் தொடக்கப் புள்ளியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர்கள் போடும் கணக்கு இப்படி இருக்கும்: 10 கிலோ எடையுள்ள குட்டிக்கு ஓய்வில் தேவை ஏறத்தாழ 394 கிலோ கலோரி. நான்கு மாதம் வரை அதன் மூன்று மடங்கு, அதன்பின் இரண்டு மடங்கு. ஐந்து மாதக் குட்டி என்றால் நாளொன்றுக்கு 790 கிலோ கலோரி அளவு. 100 கிராமில் 360 கிலோ கலோரி உள்ள உணவாக இருந்தால், நாள் முழுவதற்கும் சேர்த்தே 220 கிராம்தான். டம்ளர் கணக்கு வேண்டாம். சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். வாரம் ஒருமுறை குட்டியை எடை பார்த்து, விலாவைத் தொட்டுப் பார்த்து, அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் கையில்.

பிஸ்கட், முட்டை, கறித்துண்டு எல்லாம் அந்தக் கணக்குக்குள் வர வேண்டும். நாளின் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. மூன்று மாதம் வரை நாளுக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, அதற்குமேல் இரண்டு வேளை. எப்போதும் தட்டு நிறைய வைத்துவிட்டுப் போகும் பழக்கம் வேண்டாம். ஒரே வேளையில் மொத்தமாகவும் கொட்டாதீர்கள். கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்டு போல மார்பு ஆழமான நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் உயிராபத்து உண்டு. வயிறு இறுகி உப்பி, வாந்தி வருவதுபோல் குமட்டியும் எதுவும் வெளியே வராமல் நாய் தவித்தால், அந்த நிமிடமே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

உணவை மாற்றும்போது ஏழு முதல் பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் கால் பங்கு புதியது, பிறகு பாதி, பிறகு முக்கால்.

பையின் பின்பக்கத்தைப் படியுங்கள்

முன்பக்கத்தில் இருப்பது படம். உங்களுக்கு வேண்டிய தகவல் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும்.

முதலில் தேட வேண்டியது, 'முழுமையான, சமச்சீர் உணவு' என்ற உறுதிமொழி, அதுவும் எந்தப் பருவத்துக்கு என்பது. 'வளர்ச்சிப் பருவம்' அல்லது 'எல்லாப் பருவமும்' என்று இருக்க வேண்டும். 'வளர்ந்த நாய்க்கு' என்ற பை குட்டிக்கு வேண்டாம். 'துணை உணவு' என்று இருந்தால் அதை மட்டுமே கொடுத்து வளர்க்க முடியாது.

இறக்குமதி உணவிலும் பல உள்நாட்டு உணவிலும் ஆஃப்கோ என்ற அமெரிக்க அமைப்பின் பெயரைப் பார்ப்பீர்கள். அந்த அமைப்பு சத்து அளவுகளை வகுக்கிறது. அது எந்த உணவையும் சோதித்துச் சான்றிதழ் தருவதில்லை. 'ஆஃப்கோ சர்டிஃபைடு' என்று கடைக்காரர் சொன்னால் அது தவறு. அதன் அளவுப்படி, குட்டி உணவின் ஈரம் நீக்கிய எடையில் கால்சியம் குறைந்தது 1.2 சதவீதம் இருக்க வேண்டும். வளர்ந்தபின் 70 பவுண்டை, அதாவது ஏறத்தாழ 32 கிலோவை எட்டும் இனங்களுக்கு 1.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மற்ற நாய்களுக்கு 2.5 வரை அனுமதி உண்டு. சாதாரணக் 'குட்டி உணவு' உங்கள் குட்டிக்குப் பொருந்தாமல் போகக்கூடியது இந்த இடைவெளியில்தான். 'பெரிய இன நாய்களின் வளர்ச்சி உட்பட' என்ற வாசகத்தைத் தேடிப் பிடியுங்கள்.

கணக்குப் போடும்போது ஈரத்தைக் கழிக்க வேண்டும். டிரை ஃபுட்டில் கால்சியம் 1.5, ஈரம் 10 சதவீதம் என்றால், 1.5ஐ 0.9ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.67, இது எல்லைக்குள். டின்னில் வரும் ஈர உணவில் 0.3 என்று இருப்பது பார்க்கக் குறைவாகத் தெரியும். ஆனால் ஈரம் 80 சதவீதம் என்றால் உண்மை அளவு 1.5. கால்சியத்தின் அளவே பையில் இல்லை என்றால் நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். உணவை வகுத்தவர் கால்நடை உணவியல் படித்தவரா, எங்கே தயாராகிறது, ஒவ்வொரு தொகுதியும் சோதிக்கப்படுகிறதா, 100 கிராமில் எத்தனை கலோரி என்ற கேள்விகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பதில் சொல்ல மறுக்கும் நிறுவனத்தின் உணவை உங்கள் குட்டிக்குக் கொடுக்க வேண்டிய அவசியம் என்ன?

'தானியமே இல்லாதது' என்ற விளம்பரத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். பட்டாணி, பருப்பு வகைகள் மிகுந்த அத்தகைய உணவுகளுக்கும் நாய்களின் இதயத்தசை நோய்க்கும் தொடர்பு இருக்குமோ என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018இல் விசாரணை தொடங்கியது. காரணம் உறுதியாக நிறுவப்படவில்லை. ஆனால் தானியத்தை நீக்குவதால் ஆரோக்கியமான குட்டிக்கு லாபம் என்பதற்கும் ஆதாரம் இல்லை.

விலையை ஒப்பிடும்போது கிலோ விலையைப் பார்க்காமல் ஒரு நாள் செலவைப் பாருங்கள். கலோரி செறிவான உணவு குறைந்த கிராமிலேயே போதும். நடுத்தர விலையில் கால்சியம் சரியாக உள்ள உணவை நிறுத்துப் போடுவது, விலையுயர்ந்த உணவை அள்ளிப் போடுவதைவிட நல்லது.

சில்லறைக் கவரும் மழைக்கால ஈரமும்

பெரிய மூட்டையைப் பிரித்து, கவரில் கட்டி, கிலோ கணக்கில் விற்கும் கடைகள் நம் ஊர்களில் ஏராளம். சின்னத் தொகையில் வாங்க முடிவதால் எளிய குடும்பங்கள் இதைத்தான் நாடுகின்றன. ஆனால் அந்தக் கவரில் தொகுதி எண் இல்லை, தயாரித்த தேதி இல்லை, யார் தயாரித்தது என்பதே இல்லை. குட்டிக்கு உடம்பு சரியில்லாமல் போனால் யாரைக் கேட்பது?

மூட்டை திறந்த நாளிலிருந்து காற்று பட்டுக் கொழுப்பு காறும். நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றிலும் ஐப்பசி மழையிலும் பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சை உண்டாக்கும் அஃப்லடாக்சின் என்ற நஞ்சு கல்லீரலைத் தாக்கும், வேகவைத்தாலும் போகாது. பசியின்மை, வாந்தி, சோர்வு, கண்ணிலும் ஈறிலும் மஞ்சள் தெரிந்தால் உணவை உடனே நிறுத்தி மருத்துவரிடம் போங்கள்.

முடிந்தவரை சீல் உடையாத சின்னப் பையாக வாங்குங்கள். பையோடு சேர்த்து ஒரு மூடியுள்ள டப்பாவுக்குள் வையுங்கள். பையைத் தூக்கி எறிந்தால் தொகுதி எண்ணும் போய்விடும். திறந்த பையை ஒரு மாதம், மிஞ்சினால் ஒன்றரை மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

நம் அடுப்படியில் இருக்கும் ஆபத்து

வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். அதற்குக் காரணமாகக் கருதப்படும் டார்டாரிக் அமிலம் நம் வீட்டுப் புளியிலும் நிறைய உண்டு. புளி தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் பழுதானதை 2022இல் மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்தது. சாம்பார் சோறு, ரசம் சோறு, புளியோதரையை நாய்த் தட்டில் கொட்டும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். சாக்லேட்டும், சர்க்கரையில்லா மிட்டாய்களில் சேர்க்கும் சைலிட்டாலும் குட்டியின் வாய்க்கு எட்டவே கூடாது.

வாங்கும் நாளிலேயே உங்களுக்கு உள்ள உரிமைகள்

'நாற்பத்தைந்து நாள் குட்டி' என்பது நம் ஊர் விற்பனையில் சாதாரணமாகக் காதில் விழும் சொல். மத்திய அரசின் நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகள், 2017இன்படி, எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கவே கூடாது. எட்டு வாரம் என்றால் 56 நாள். தாயிடமிருந்து சீக்கிரம் பிரித்த குட்டி செரிமானக் கோளாறோடும் எதிர்ப்புச் சக்திக் குறைவோடும்தான் உங்கள் வீட்டுக்கு வரும்.

அதே விதிகள், பிரீடர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்கின்றன. குட்டிக்கு என்ன உணவு கொடுத்தார்கள், எந்தத் தேதியில் தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் போட்டார்கள், கவனித்த மருத்துவர் யார் என்ற விவரங்களையும் வாங்குபவருக்குத் தர வேண்டும். உணவு விவரம் கேட்பது உங்கள் உரிமை. எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பதிவு எண்ணும் ரசீதும் தர மறுப்பவரிடம் குட்டி வாங்காதீர்கள்.

நாய் உணவுக்கு வரும்போது ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் மனிதர் உண்ணும் உணவுக்கானது; விலங்குத் தீவனத்தை அது தன் வரையறைக்கு வெளியே வைத்திருக்கிறது. ஆகவே உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் போய் நின்றால் பயன் இருக்காது. நாய், பூனை உணவுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 11968 என்ற தரநிலையை வகுத்திருக்கிறது. பொட்டலப் பொருள்களுக்கான சட்டமுறை எடையளவு விதிகள், 2011இன்படி, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, நிகர எடை, தயாரித்த மாதமும் வருடமும், எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச சில்லறை விலை, புகார் தொடர்பு விவரம் ஆகியவை பையில் இருக்க வேண்டும். வெளிநாட்டு உணவு என்றால் எந்த நாடு என்பதும் வேண்டும். அச்சிட்ட விலைக்கு மேல் கேட்பது குற்றம். தமிழ்நாட்டில் இந்தப் புகார்களைத் தொழிலாளர் துறை பார்க்கிறது.

தவறு நடந்துவிட்டால்

உணவால் குட்டிக்குப் பாதிப்பு என்று சந்தேகம் வந்தால் முதலில் குட்டியைக் காப்பாற்றுங்கள், பிறகு சான்றைக் காப்பாற்றுங்கள்.

1. அந்த உணவை உடனே நிறுத்துங்கள். மீதியைத் தூக்கி எறியாமல் அதே பையில் இறுகக் கட்டி வையுங்கள். தொகுதி எண், தேதி, விலை தெரியும்படி படம் எடுங்கள்.

2. கால்நடை மருத்துவரிடம் பையோடு போங்கள். எந்த உணவு, எந்த நாளிலிருந்து என்பதைச் சிகிச்சைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். இரத்தப் பரிசோதனை முடிவு, எக்ஸ்ரே, மருந்து ரசீது எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். கால்நடை மருத்துவ ஊர்தி உதவிக்கு 1962.

3. குட்டி இறந்துவிட்டால், எவ்வளவு வேதனையாக இருந்தாலும் உடனே புதைத்துவிடாதீர்கள். உடற்கூறாய்வு அறிக்கை இல்லாமல் காரணத்தை நிரூபிப்பது மிகக் கடினம். அரசு கால்நடை மருத்துவமனையையோ மருத்துவக் கல்லூரியையோ அணுகுங்கள்.

4. கடைக்கும் நிறுவனத்துக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். தொலைபேசிப் பேச்சு சான்றாகாது. இணையத்தில் வாங்கியிருந்தால், 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரை ஏற்றுப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

5. தீரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் முடியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 உங்கள் பக்கம் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

இத்தனைக்கும் அடிப்படை ரசீது. "பில்லு எதுக்குங்க" என்று கேட்கும் கடையில் உங்கள் உரிமையும் விட்டுப்போகிறது.

ஒரு நோட்டுப் புத்தகம்

பக்கத்து வீட்டு அக்காவிடம் ரசீது இல்லை. கவரில் பெயரும் இல்லை. அதனால் யார்மீதும் எந்தப் புகாரும் கொடுக்க முடியவில்லை. அவரால் முடிந்ததெல்லாம் அன்றிலிருந்து மாறுவதுதான். மருத்துவர் சிரப்பை நிறுத்தினார். பெரிய இனக் குட்டிக்கான உணவை எழுதிக் கொடுத்து, தராசு வாங்கச் சொன்னார். வழுக்கும் கிரானைட் தரையில் பழைய சாக்குகளை விரிக்கச் சொன்னார். "வாரம் ஒரு தடவை எடை பாத்து எழுதிட்டு வாங்கம்மா" என்று ஒரு நாற்பது பக்க நோட்டையும் கையில் கொடுத்தார்.

அந்த நாய்க்கு இப்போது மூன்று வயது. வலது கால் நேராகிவிட்டது. இடது கால் இன்றும் லேசாக வெளியே திரும்பித்தான் இருக்கிறது. மழைக்காலக் காலைகளில் எழுந்து நிற்கச் சற்று நேரம் எடுத்துக்கொள்கிறது. போன மாதம் எங்கள் தெருவில் இன்னொரு வீட்டுக்கு லேப்ரடார் குட்டி வந்தது. அக்கா அவர்கள் வீட்டுக்குப் போனபோது கையில் பிஸ்கட் பொட்டலம் கொண்டுபோகவில்லை. தன் பழைய நோட்டை எடுத்துக்கொண்டு போனார். முதல் பக்கத்தில் அவர் கையெழுத்தில் இருந்தது: 'நிறுத்துப் போடணும். விலாவைத் தொட்டுப் பாக்கணும். பில் வாங்கணும்.'